புளி போட்டுத் தேய்த்த சிங்கம்

குழாயடியில் குந்தியிருக்கிறேன். மடியில் ஒரு சிங்கம். வலது கையில் தேங்காய் நார், நாருக்குள் எலுமிச்சை அளவு புளி, பக்கத்தில் சிரட்டை நிறையச் சாம்பல். சிங்கத்தின் முதுகை நான் தேய்க்கிற வேகத்தில் பாவாடை முழுவதும் நனைந்துவிட்டது.

திடீரென்று முதுகில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. கையை அறுத்துக்கொண்டேன் என்று நினைத்து விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை. தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். சிவப்பு இன்னும் பெரிதாயிற்று. குனிந்து பார்த்தால், கால்வாயில் ஓடுகிற தண்ணீரில் மினுக் மினுக்கென்று பொன் தூள் மிதந்து போகிறது. மண்டோர் வீட்டு வாத்து ஒன்று அதைக் கொத்திக் கொத்திப் பார்க்கிறது.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு அப்போது நான்கு நாள்தான் இருந்தது. அம்மன் ஏறி வரவேண்டிய ஒரே சிங்கம் என் மடியில் தோலுரிந்து கிடந்தது.

கம்பிக்குள்ளே வந்த அம்மன்

பள்ளிக்கூட லோரியைப் பற்றிச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதற்கு அந்த லோரி ஓட்டியவரே கடிதம் போட்டிருக்கிறார். லோரி அவ்வளவு மெதுவாகப் போகவில்லையாம், நான்தான் ஏறத் தாமதிப்பேனாம். ஒப்புக்கொள்கிறேன். இந்த வாரமும் லோரி வரும். அதை ஓட்டியவர் மன்னிக்க வேண்டும்.

எங்கள் ரப்பர்த் தோட்டம் கோல சிலாங்கூர்ப் பக்கம், அசாம் ஜாவா என்ற ஊருக்கு அப்பால் உள்ளே இருக்கிறது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆனதும், காட்டோரமாகச் சிதறிக் கிடந்த லய வீடுகளை எல்லாம் பிரித்து, ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் கட்டி, சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். ஒரே ஒரு கேட். காலையில் பால் வெட்டப் போகும்போது ஒருபிடி அரிசி, ஒரு துண்டு கருவாடு வெளியே போகாதபடி சோதனை. மாலையில் திரும்பும்போது காட்டுக்காரர்களின் துண்டுக் காகிதம் எதுவும் உள்ளே வராதபடி சோதனை. ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

மனிதர்கள் வந்துவிட்டோம். அம்மன் மட்டும் பழைய இடத்தில் தனியாக இருந்தாள். துரையிடம் கேட்டு, ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி எழுதிக் கொடுத்து, ஒருவழியாக அம்மனையும் கம்பிக்குள்ளே கொண்டுவந்தோம். கோயிலைப் பிரிக்கும்போதுதான் தெரிந்தது, அவளுடைய பழைய மரச் சிங்கத்தைக் கறையான் உள்ளேயே தின்று முடித்திருந்தது. தூக்கியவுடன் தலை ஒருவர் கையில், வால் ஒருவர் கையில்.

துரை வெள்ளிக்கிழமை பகலில் ஊர்வலம் விட அனுமதி கொடுத்துவிட்டார். வாகனம் இல்லை. கோயில் கூட்டத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்த என் அப்பா எழுந்தார்.

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றார்.

தகரப் பெட்டியில் பர்மா

அப்பா கூட்டத்தில் பேசியதே அதுதான் முதல் தடவை என்று அம்மா சொல்வாள்.

ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனவர்களில் அப்பாவும் ஒருவர். எங்கள் லயத்திலிருந்து போனவர்களில் திரும்பியவர் அவர் மட்டும். பாதையின் பர்மாப் பக்கத்து முனை வரைக்கும் போயிருக்கிறார். யுத்தம் முடிந்து ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து, இனி வரமாட்டார் என்று அம்மா மனத்தைத் தேற்றிக்கொண்ட பிறகு, ஒரு மத்தியானம் கோணிச் சாக்கோடு வாசலில் வந்து நின்றார். சாக்குக்குள் சட்டை இல்லை, பணம் இல்லை. ஒரு சிங்கம் இருந்தது.

ஒன்றரை முழ நீளம். நான்கு காலில் நிற்கும். நம் ஊர்ச் சிங்கம் போல இல்லை. பிடரி மயிர் தீக்கொழுந்து தீக்கொழுந்தாக மேலே சுருண்டிருக்கும். கண்ணுக்குப் பச்சைக் கண்ணாடி, கழுத்தைச் சுற்றிப் பொடிப் பொடியாகக் கண்ணாடித் துண்டுகள். வாயைத் திறந்துகொண்டிருக்கும், ஆனால் கர்ஜிக்கிற மாதிரி இருக்காது. யாரோ சொன்ன நகைச்சுவைக்குச் சிரிக்கிற மாதிரி இருக்கும்.

அப்பா அதைத் தகரப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார். எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்று கேட்டால் பதில் இருக்காது. சயாம் என்ற சொல் வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். அதனால் நாங்களும் கேட்பதை விட்டுவிட்டோம்.

அந்தச் சிங்கத்தைத்தான் கோயிலுக்குக் கொடுத்தார். ஆண்டுக்கணக்காகப் பெட்டிக்குள் கிடந்ததில் அது மங்கிப்போய், கரி படிந்த பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி இருந்தது.

நான் சொன்ன அமிலம்

இனி என் பெருமையைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியை முடித்து, லோரியில் ஏறிக் கோல சிலாங்கூர் ஆங்கிலப் பள்ளிக்குப் போன முதல் பெண்ணும் நான்தான். அது எனக்குத் தெரியும். என்னைச் சுற்றியிருந்தவர்களுக்கும் தெரியும்படி நான் பார்த்துக்கொண்டேன்.

திருவிழாவுக்கு முன் திங்கட்கிழமை பெண்கள் எல்லோரும் குழாயடியில் கோயில் சாமான்களைத் தேய்ப்பார்கள். விளக்கு, தாம்பாளம், மணி, சூலம், எல்லாவற்றுக்கும் புளிதான். அந்த ஆண்டு பள்ளி விடுமுறை. நானும் போனேன்.

"புளி போட்டா ஏன் பளபளங்குது தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். "புளியில அமிலம் இருக்கு. அது பித்தளையில இருக்கிற களிம்பைக் கரைச்சிடும்."

மண்டோரம்மா நிமிர்ந்து பார்த்தார். எங்களை வேலை வாங்குகிற கங்காணியான மண்டோரின் மனைவி. பால் வெட்டில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி.

"அப்படியா? எங்களுக்கு இத்தன நாளாத் தெரியாமப் போச்சே. அமிலம் தெரியாமலே தேய்ச்சிட்டோமே!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சிங்கத்தை எங்கிட்ட குடுங்க. கண்ணாடி மாதிரி ஆக்கித் தரேன்."

"பாத்துலா பாப்பா, உங்கப்பா சாமானு."

"எங்கப்பா சாமான்தானே!"

எங்கள் பக்கத்துக் கோயில் வாகனங்களில் மரத்தின் மேல் பித்தளைத் தகடு அடித்திருப்பார்கள். சின்னச் சின்ன ஆணி வரிசையாகத் தெரியும். சிங்கத்தில் ஆணி தெரியவில்லை. நல்ல வேலைப்பாடு, ஆணியை மறைத்திருக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அது தகடு இல்லை, மூச்சுக் காற்றைவிட மெல்லிய தங்கத் தாள் என்பதை அந்த வாத்துதான் என்னைவிட முன்பே தெரிந்துகொண்டது.

முதுகில் தொடங்கி விலா, மார்பு, முகம் என்று முழுக்க ஒரு சுற்றுத் தேய்த்த பிறகுதான் கண்ணை நன்றாகத் திறந்து பார்த்தேன். தங்கத்துக்குக் கீழே சிவப்பு. சிவப்புக்குக் கீழே கறுப்பு. நான் முதலில் ஆவேசமாகத் தேய்த்த இடத்தில், முதுகில் நாலு விரல் அகலத்துக்கு, வெறும் மரம்.

பெண்கள் எல்லோரும் சிங்கத்தைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். பிறகு மண்டோரம்மா மெல்லக் கேட்டார்.

"ஏம்மா படிச்ச புள்ள, களிம்பு கரைஞ்சிடுச்சா?"

அப்பா சிரித்தார்

செய்தி எனக்கு முன்பே வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சேர்ந்திருந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சிங்கம் பழையபடி நிக்கணும்" என்றாள். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நிக்கலேன்னா லோரிய மறந்துடு. அடுத்த வாரத்திலேருந்து பால் வாளியத் தூக்கிக்கிட்டு எங்கூட வா. படிச்சது போதும்."

அம்மா சொன்னால் சொன்னதுதான். நான் சிங்கத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்பா வரும்வரை உட்கார்ந்திருந்தேன். அழவில்லை என்று எழுத ஆசை. அழுதேன்.

அப்பா வந்தார். துணியைப் பிரித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"எத வச்சுத் தேய்ச்ச?"

"புளி."

"புளி மட்டுமா?"

"சாம்பலும்..."

அப்பா சிரித்தார். சும்மா புன்னகை இல்லை. தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, சிங்கத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து கதவில் நின்றுவிட்டாள். சயாம் போவதற்கு முன்னால் கேட்ட சிரிப்பு அது என்று பிறகு சொன்னாள்.

"அந்த ஆளு மட்டும் இதப் பாக்கணும்" என்றார் அப்பா. "இந்தக் கறுப்ப ஏத்தறதுக்கு நாங்க எத்தன நாளு காத்துக்கிட்டுக் கெடந்தோம் தெரியுமா?"

அன்றுதான் பர்மா எங்கள் வீட்டுக்குள் வந்தது.

யுத்தம் முடிந்தபோது அப்பா காய்ச்சலில் கிடந்தாராம். அவரைத் தூக்கிப்போய் வைத்துக்கொண்டவர் ஒரு பர்மியத் தச்சர். சிங்கம், யானை, அன்னம் என்று புத்த மடங்களுக்குச் செய்து கொடுப்பவர். காய்ச்சல் விட்டதும் அப்பா அவரோடு காட்டுக்குப் போகத் தொடங்கினார். அங்கே ஒரு மரம். பட்டையில் சாய்வாக வெட்டி, மூங்கில் குழாயைச் செருகி வைத்தால், கறுப்பாகப் பால் இறங்கும்.

"நம்ம மாதிரியேவா?" என்றேன்.

"நம்ம மாதிரியேதான்லா. நான் வெட்டினதப் பாத்துட்டு அந்தாளு வாயத் தொறந்துட்டான். இவன் எங்கடா கத்துக்கிட்டான்னு. ஆனா அந்தப் பாலு கையில பட்டுச்சுன்னா ரெண்டு நாளைக்கு அரிப்பு தாங்காது."

அந்தக் கறுப்புப் பாலைத்தான் மரத்தில் பூசிப் பூசிக் காயவைப்பார்களாம். அதன்மேல் சிவப்பு. கடைசிப் பூச்சு முழுதாகக் காய்வதற்குள் தங்கத் தாள். அந்தப் பாலே பசை. புறப்படும் நாளில் தச்சர் இந்தச் சிங்கத்தைச் சாக்கில் போட்டுக் கொடுத்திருக்கிறார். அப்பா வெட்டிய பாலில் பூசியது என்பதால்.

எங்கள் வீட்டில் அன்று எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டோம். ஆனால் அம்மா கைகழுவிவிட்டு வந்து சொன்னாள்: "கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வெள்ளிக்கிழமை மாறாது."

ஜாங்கான் நாஃபாஸ்

தங்கத் தாளுக்கு எங்கே போவது? என் வகுப்பில் படித்த மெய் லின் செகிஞ்சான் ஊர்ச் சீனப் பெண். கோல சிலாங்கூரில் மாமா வீட்டில் தங்கிப் படித்தாள், விடுமுறையிலும் அங்கேதான் இருப்பாள். மாமா கடைகளுக்குப் பெயர்ப் பலகை செய்பவர். சிவப்புப் பலகையில் தங்கச் சீன எழுத்து. அது நினைவுக்கு வந்ததும் மறுநாள் காலையிலேயே சாமான் ஏற்றப்போன லோரியில் ஏறிவிட்டேன்.

மாமா நான் சொன்னதைப் பாதி கேட்டார். முடியாது என்று தலையை ஆட்டினார். தங்கத் தாள் சிங்கப்பூரிலிருந்து வருகிறது, சும்மா கொடுக்க முடியாது. நான் திரும்பப் போகையில் மெய் லின் என் கையைப் பிடித்து இழுத்தாள். சுவரோரம் ஒரு நீளப் பலகை சாய்ந்திருந்தது. புதிதாகத் திறக்கப்போகிற தமிழர் துணிக்கடைக்கு. மேலே ஆங்கிலமும் சீனமும் முடிந்துவிட்டன. கீழே காலி.

"மாமாவுக்குத் தமிழ் எழுத்து வராது. மூணு நாளா அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார்" என்று ஆங்கிலத்தில் என் காதில் சொன்னாள்.

நான் சாக்குக்கட்டியை எடுத்தேன். கடைக்காரர் கொடுத்த சீட்டைப் பார்த்து, ஒரு சாண் உயரத்தில், சுழி சுழியாக, கொம்பு கொம்பாக, பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் எழுதியதில்லை. மாமா பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். உள்ளே போனார். பாதி தீர்ந்த ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். உள்ளங்கை அகலம். மெல்லிய காகிதங்களுக்கு நடுவே தங்கம். ஒரு தாளை லேசாகத் திறந்து காட்டி, என் மூக்குக்கு நேரே விரலை நீட்டினார்.

"ஜாங்கான் நாஃபாஸ்!"

மூச்சு விடாதே என்று மலாயில் சொன்னார். நான் லோரியில் பாதி வழிவரை மூச்சு விட்டேனா என்பது சந்தேகம்.

கேட்டில் வரிசை. அன்று சோதனைக்கு நின்றவர் ஒஸ்மான். ஸ்பெஷல் போலீஸ். அடர்ந்த மீசை, எங்களோடு பேசிப் பேசிப் பாதித் தமிழ். என் பையில் காகிதப் புத்தகம் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

"இது என்னா காகிதம்? யார் குடுத்தா?"

"தங்கம்! கோயிலுக்கு! திறக்காதீங்க!"

திறக்காதே என்றால் எந்தப் போலீஸ்காரர் திறக்காமல் இருப்பார்? விரித்தார். குனிந்தார். நான் அலறினேன்.

"ஜாங்கான் நாஃபாஸ்!"

"ஹா?" என்றார் ஒஸ்மான்.

அந்த ஒரு "ஹா" போதுமாயிருந்தது. நான்கைந்து தாள்கள் புத்தகத்தை விட்டு எழும்பின. ஒன்று மீசையில். ஒன்று மூக்கில். ஒன்று தொப்பி முத்திரைக்கு மேல். வியர்வை முகம், தங்கம் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. மற்றவை வேலியைத் தாண்டிப் பால்மரங்களுக்குள் போய்விட்டன.

வரிசையில் நின்ற மண்டோரம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, அம்மனுக்குச் சிங்கம் கெடைச்சிடுச்சு. நீங்களே வந்துடுங்க!"

கேட்டே சிரித்தது. ஒஸ்மானும் கடைசியில் சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. புத்தகத்தில் மிச்சம் இருந்த தாள் சிங்கத்தின் பாதிக்குத்தான் வரும்.

ஒரு மங்குப் பால்

தங்கம் வந்தது. பசை? பர்மாக்காரரின் கறுப்புப் பாலுக்கு எங்கே போவது? அதைக் கேட்டுக்கொண்டே அப்பாவின் கைகளைப் பார்த்தேன். நகக்கண்ணில், மணிக்கட்டில், காய்ந்த ரப்பர் பால் நூல் நூலாக ஒட்டியிருந்தது. எவ்வளவு கழுவினாலும் போகாது. எங்கள் எல்லோர் கையிலும் அது உண்டு.

"அப்பா, அதுவும் பால்தானே? இதுவும் பால்தானே?"

அப்பா என்னைப் பார்த்தார். மறுநாள் ஒரு மங்கில், மரத்தில் கட்டித் தொங்கவிடுகிற அந்தக் கோப்பையில், கெட்டியாகாத பால் வந்தது.

விஷயம் தெரிந்து மண்டோரம்மா வந்துவிட்டார். "ரப்பர் பாலா? அம்மன் சிங்கத்துக்கா? நாத்தம் அடிக்குமே!"

"நம்ம மேல அடிக்கிற நாத்தந்தான்" என்றார் அப்பா. "அம்மனுக்குப் பழக்கந்தான்."

கோழி இறகால் மெல்லிதாகப் பூசினோம். கொஞ்சம் உலர்ந்து, விரலில் ஒட்டுகிற பதத்தில் தாளை வைக்க வேண்டும். முதல் தாளை நான் வைத்தேன். சுருண்டு, கசங்கி, என் கட்டைவிரலுக்கே போய்ச் சேர்ந்தது. அப்பாவுக்குக் கை நடுங்கியது. அது சயாம் கொடுத்தது.

"தள்ளு" என்றாள் அம்மா.

மரப்பட்டையைக் காகிதக் கனத்துக்குச் சீவிச் சீவி ஆயுள் பாதியைக் கழித்தவள் அம்மா. கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், கொஞ்சம் மேலாகப் போனால் பால் இல்லை. அந்தக் கையால் தாளை எடுத்தாள். மூச்சை அடக்கினாள். வைத்தாள். பஞ்சால் ஒரு ஒற்று. சிங்கத்தின் மூக்கு தங்கமாயிற்று.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா வேலை செய்ய, இரண்டு மொழி படித்த நான் இறகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகம், பிடரி, மார்பு, முன்னங்கால்கள். அதோடு தாள் தீர்ந்தது. பின்பக்கம் முழுதும் சிவப்பு. முதுகில் அந்த நாலு விரல் மரம் அப்படியே.

"பொடவ மறைச்சிடும்" என்று அம்மா எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "பள்ளிக்கூடம் தொறந்ததும் லோரிக்கு நேரத்தோட போ. அவன் உனக்காக நிக்கமாட்டான்."

வெள்ளிக்கிழமை

முன்னால் பார்த்தால் கண்கூசும் தங்கச் சிங்கம். அம்மனின் மஞ்சள் பட்டு முதுகை மூடியிருந்தது. மல்லிகை, சாம்பிராணி, கற்பூரம், அதற்கு நடுவே லேசாக ரப்பர் பால் வாசம். பகல் வெயிலில் பறை முழங்க வேலிக்குள்ளேயே மூன்று சுற்று வந்தோம்.

கேட்டருகில் வந்தபோது ஒஸ்மான் அப்பாவைக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து சிகரெட் டப்பாவின் ஈயத்தாளை எடுத்தார். உள்ளே கசங்கிய பொன் துணுக்கு, ஒரு மிளகு அளவு. மீசையிலிருந்து எடுத்தது.

"இது உங்க சாமான்லா" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

அப்பா அதை வாங்கி, பட்டுப் புடவையை லேசாக விலக்கி, சிங்கத்தின் சிவப்பு வாலில் அழுத்தினார். பின்பக்கத்தில் இருந்த ஒரே தங்கம் அதுதான்.

இப்போது நான் சபாக் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. வேலை கிடைத்த முதல் வருடம், மெய் லின் மாமாவிடம் முழுப் புத்தகமாகத் தங்கத் தாள் வாங்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போனேன். அப்பா சிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார். புத்தகத்தைப் பார்த்தார்.

"எத்தனத் தாளு?"

"முழுசா இருக்குப்பா. இன்னிக்கே பின்னாடி பூராவும் முடிச்சிடலாம்."

"ஒண்ணு ஒட்டு. மிச்சத்த மூடி வை."

"ஏம்பா?"

"அங்க பர்மாவுல, புத்தர் கோயில்ல அப்படித்தான். வர்றவங்க ஆளுக்கொண்ணு ஒட்டிட்டுப் போவாங்க." அப்பா மங்கில் இறகைத் தோய்த்தார். "எல்லாத்தையும் இன்னிக்கே முடிச்சிட்டா, அடுத்த வருசம் நீ எதுக்கு வருவ?"

அந்தப் புத்தகம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தாள் குறைகிறது. தங்கம் இடது விலாவைத் தாண்டிவிட்டது. முதுகில் உள்ள நாலு விரல் இடத்துக்கு வந்து சேர இன்னும் பல திருவிழா ஆகும். எனக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது கேட்டில் சோதனை இல்லை. ஆனாலும் நான் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே வரும்போது ஒரு குரல் லயம் முழுவதற்கும் எச்சரிக்கை கொடுத்துவிடும். போன மாதமும் கொடுத்தது.

"அடியே, புளிய எடுத்து உள்ள வைங்கடி! டீச்சரு வந்துட்டா!"